ரிப்போர்ட்டை ஒளித்து வைக்காதீர்கள்

சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த ஒரு பெண்மணிக்கு 46 வயது. பல மாதங்களாக உதிரப்போக்கு, இடுப்பு வலி, இடது காலில் மட்டும் வீக்கம். ஸ்கேனில் இடது சிறுநீரகம் நீர் கோத்து உப்பியிருந்தது. கர்ப்பப்பை வாயில் கிளம்பிய கட்டி பக்கவாட்டில் பரவிச் சிறுநீர்க்குழாயை நெரித்துவிட்டது. மூன்றாம் கட்டப் புற்றுநோய். பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பு விழுந்த இடங்களில் அச்சு அழிந்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் வேலை பார்த்த இடத்தில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த பரிசோதனை. எச்.பி.வி. 16: பாசிட்டிவ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸின் ஒரு வகை அது. மகளிர் நல மருத்துவரைப் பார்க்கவும் என்று அடியில் ஒரு வரி.

“அப்போதே ஏம்மா வரவில்லை?”

“தப்பான பழக்கத்தால் வருகிற வியாதி என்று சொன்னார்கள், டாக்டர். அவருக்குத் தெரிந்தால் என்னை என்னவென்று நினைப்பார்?”

இதே பதிலை நான் இன்னும் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. அன்றே வந்திருந்தால் சிகிச்சை அநேகமாக ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும்; மதியம் வீட்டுக்குப் போய்ச் சமைத்திருப்பார். இன்று அவருக்கு முதலில் சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டும். பிறகு ஐந்து வாரம் கரண்ட் எனப்படும் வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, அதற்கும் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. இத்தனையும் செய்தாலும் முழுக்கக் குணமாகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் வைரஸுக்கு உள்ள பங்கைவிட, யாரோ போகிறபோக்கில் சொன்ன அந்தப் பேச்சுக்கு உள்ள பங்கு பெரிது. எனக்கு வரும் கோபமெல்லாம் அந்தப் பேச்சின் மீதுதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்பதில் மருத்துவ உலகில் இன்று சந்தேகமே கிடையாது. இந்தப் புற்றுக் கட்டிகளுக்குள் அந்த வைரஸின் 16-ஆம் வகையை 1983-லும் 18-ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் கண்டறிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசன். அதற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை தொந்தரவு தராதவை. சில மருவை உண்டாக்கும். புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை பதினான்கு வகை அளவில்தான். அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பொறுப்பு.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கச் செல்களும் உட்பக்கச் செல்களும் ஒரு வளையமாகச் சந்திக்கின்றன. அந்த வளையத்தில் செல்கள் இயல்பாகவே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். வைரஸ் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடிச்செல்லுக்குள் புகுந்துகொள்கிறது. அது தயாரிக்கும் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் நம் பி53, ஆர்பி புரதங்களைச் செயலிழக்க வைக்கின்றன. பழுதான செல் தன்னை அழித்துக்கொள்ளாமல் பெருகத் தொடங்குகிறது.

ஆனால் இது ஒரே நாளில் நடப்பதில்லை. தொற்று வந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடும். ஒரு மாத்திரையும் வேண்டாம். மீதிப் பேரில் சிலருக்கு மட்டும் வைரஸ் தங்கிவிடும். தங்கிய வைரஸ் செல்களை மாற்ற, அவை புற்றுக்கு முந்தைய ‘முன்நிலை’ மாற்றங்களை ஒவ்வொரு படியாகக் கடந்து புற்றாக ஆவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளில் வந்துவிடலாம். புகைப்பழக்கமும் பல பிரசவங்களும் ஆபத்தைக் கூட்டும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அந்த அவகாசத்தைத்தான் பயந்து பயந்து வீணடிக்கிறோம்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். எச்.பி.வி. உடலுறவு வழியாகப் பரவுவது உண்மை. அதிலிருந்து ‘ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருவது’ என்ற முடிவுக்குத் தாவுவது முழுப் பொய். தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போயிருக்கும். சளி பிடிப்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக வந்து, தெரியாமலே போகும். தோலும் தோலும் உரசுவதே இதற்குப் போதும். அதனால் ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது.

ஒரே ஒரு கணவருடன் வாழ்ந்த பெண்ணுக்கு வருமா? வரும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். இத்தாலியின் வெரோனா நகர இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1842-லேயே எழுதினார்: கர்ப்பப்பைப் புற்றால் இறந்தவர்களில் திருமணமானவர்களும் விதவைகளுமே அதிகம், கன்னியாஸ்திரீகள் மிகக் குறைவு. திருமணமாகிக் குடும்பம் நடத்தும் சாதாரணப் பெண்களைத் தாக்குகிற நோய் இது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது, கணவன் மனைவி சண்டை. மனைவி ரிப்போர்ட்டை நீட்டிக் கணவரைக் கேட்கிறார், “யாரிடமிருந்து கொண்டுவந்தீர்கள்?” இன்னொரு வீட்டில் கணவர் மனைவியைக் கேட்கிறார். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே. இந்தப் பரிசோதனை, வைரஸ் இப்போது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று உலகில் எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. பரிசோதனையில் சிக்காத அளவில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும் வயதில் மறுபடி தலைகாட்டலாம். ஐம்பது வயதில் பாசிட்டிவ் என்று வந்தவருக்கு, திருமணமான புதிதிலேயே அது வந்திருக்கலாம். கொடுத்தவருக்கே தன்னிடம் இருந்தது தெரிந்திருக்காது. “எனக்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், டாக்டர், சந்தேகம் தீரட்டும்” என்று கேட்கும் கணவர்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனை கிடையாது. எடுத்தாலும் அந்தச் சந்தேகத்தை அது தீர்க்காது. இந்த ரிப்போர்ட்டை வைத்து ஒருவரின் நடத்தையைத் தீர்மானிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்றும் பொருளில்லை. இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்போம். சந்தேகமான இடம் இருந்தால் அரிசியளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவோம். முன்நிலை மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, சூடு கொடுத்தோ, மெல்லிய மின்கம்பி வளையத்தால் வழித்தெடுத்தோ அகற்றிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு அன்றே வீடு. கர்ப்பப்பை பத்திரமாக இருக்கும். குழந்தை பெற விரும்புகிறவர்கள் பெற்றுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதிரப்போக்கு என்று வரும் பெண்ணுக்கு கர்ப்பப்பை வாயைக் காண உதவும் ஸ்பெகுலம் கருவியை வைத்து ஒருமுறை பார்க்காமல், அங்குள்ள செல்களை வழித்தெடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர்கூட எடுக்காமல், நேரே கர்ப்பப்பையை அகற்றிவிடுகிறார்கள். பிறகு பயாப்ஸி அறிக்கையில் புற்று என்று வருகிறது. சாதாரணமாகக் கர்ப்பப்பை எடுக்கும் அறுவை இந்தப் புற்றுக்குப் போதாது. கட்டியைச் சுற்றிப் போதிய எல்லை விட்டு, நிணநீர்க் கட்டிகளோடு சேர்த்துச் செய்ய வேண்டியதை அரைகுறையாகச் செய்தால் அந்தப் பெண்ணின் சிகிச்சை சிக்கலாகிவிடுகிறது. வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பதும் இன்னும் நடக்கிறது. முகாமில் ரிப்போர்ட் கொடுக்கும் செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும் தயவுசெய்து குரலைத் தாழ்த்தி, கண்ணைத் தாழ்த்தி அதைக் கொடுக்காதீர்கள். அந்தத் தாளோடு அடுத்து வரவேண்டிய தேதியையும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கீடு. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலங்களைவிட நாம் மேல் என்று இதில் பெருமைப்பட முடியுமா? பத்தில் ஒன்பது பேர் செய்துகொள்ளவே இல்லை.

இத்தனைக்கும் இந்தப் பரிசோதனை பலன் தருவதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடங்களை வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே, பரிசோதனை செய்யாத பகுதிகளைவிட இறப்பு 35 சதவீதம் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்ததால் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. பெரிய ஆஸ்பத்திரியும் விலை உயர்ந்த கருவியும் இல்லாத ஊர்களில் நடந்தவை இவை.

ஆகவே 30 வயதைத் தாண்டிய பெண்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பரிசோதனைக்கு வாருங்கள். தொந்தரவு இல்லாதபோது வருவதுதான் முக்கியம்; முன்நிலை மாற்றம் வலிக்காது, உதிரம் காட்டாது. அசிட்டிக் அமிலப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வாருங்கள். முந்தைய இரண்டு நாட்கள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சில நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. எச்.பி.வி. பரிசோதனை என்றால் மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும்.

உறவுக்குப் பின் உதிரம் பட்டால், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் பட்டால், தூரம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அந்த வாரமே வாருங்கள்.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றிப் பேசினால் பலர் முகம் மாறுகிறது. “பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு?” வைரஸை ஒருபோதும் சந்திக்காத உடலில்தான் அது முழுப் பலன் தரும், அதற்காகத்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறோம். ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் வெளி உறையைப் போன்ற வெறும் புரதம் மட்டுமே இருக்கிறது. மலட்டுத்தன்மை வரும் என்பது பொய். அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த தடுப்பூசித் திட்டம், சில சிறுமிகள் இறந்ததை ஒட்டி 2010-ல் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. பெற்றோரின் ஒப்புதலை முறையாகப் பெறாத தவறுகள் நடந்தன என்றும் சொன்னது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் அதை வைத்துத் தடுப்பூசியையே ஒதுக்குவது நியாயமில்லை. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று வரவில்லை என்று 2024-ல் ஆய்வு வெளியானது.

புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2022-ல் அனுமதி பெற்றது. 14 வயது வரை இரண்டு ஊசி, அதற்கு மேல் 26 வயது வரை மூன்று என்று அதன் அட்டவணை சொல்கிறது. 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். தொண்டையிலும் ஆணுறுப்பிலும் ஆசனவாயிலும் வரும் சில புற்றுகளுக்கும் இதே வைரஸ் காரணம். ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி போக்காது. ஊசி போட்டுக்கொண்ட பெண்களும் 30 வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

கணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவி இந்தப் பரிசோதனைக்கு வரும்போது நீங்களும் கூட வாருங்கள். ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்து வாங்குங்கள். பாசிட்டிவ் என்று இருந்தால் அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள். முன்நிலைக்குச் சிகிச்சை முடித்தவர்கள் 12 மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும். கல்யாண வேலை, அறுவடை, பிள்ளைகளின் தேர்வு எதுவானாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.