அனாபொலிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

பழைய மாணவி ஒருவர் அமெரிக்காவிலிருந்து படம் அனுப்பியிருந்தார். மேரிலாந்து மாநிலத் தலைநகர் அனாபொலிஸில் இருக்கும் தர்குட் மார்ஷல் சிலை. கீழே, "பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி" என்று ஒரு வரி. என்னிடம் அரசியலமைப்புச் சட்டம் படித்தவர்! இந்தப் பருவத்து விடைத்தாள்களிலும் இதே பிழையைச் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்துவிட்டது.

பிரவுன் வழக்கில், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு எழுதியவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். மார்ஷல் அந்த வழக்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர். அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானது 1967-இல்தான். இடையில் 13 ஆண்டுகள்! 1954-இல் அந்த ஆசனங்களில் இருந்த ஒன்பது பேரும் வெள்ளையர்கள். அவர்கள் முன் நின்று வாதாடி வென்றவரை, அவர்களில் ஒருவராகவே எழுதிவிடுகிறீர்களே. அந்த நீதிமன்றத்தில் அவர் வாதாடிய வழக்குகள் 32, வென்றவை 29. அந்த உழைப்பெல்லாம் எங்கே போயிற்று?

1996-இல் திறக்கப்பட்ட அந்த நினைவிடமே அவரை இளம் வழக்கறிஞராகத்தான் காட்டுகிறது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பு இருந்த இடம் அது. அங்கே ஒரு பெஞ்சில் வெண்கலத்தில் உட்கார்ந்திருப்பவர் டொனால்ட் கெயின்ஸ் முர்ரே. கறுப்பினத்தவர் என்பதால் மேரிலாந்து சட்டக் கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. வெளிமாநிலத்தில் போய்ப் படிக்கச் சொன்னார்கள். வெளியே படித்தால் மேரிலாந்து சட்டத்தை எப்படிக் கற்பது என்பது முர்ரேவுக்காக வழக்காடிய மார்ஷல் தரப்பின் கேள்வி. 'பிரித்தாலும் சமம்' (வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரிக்கலாம்) என்ற கோட்பாட்டை அவர் அப்போது நேரடியாகத் தாக்கவில்லை. சமம் எங்கே, காட்டுங்கள் என்றார். (வழக்கு நடத்துகிறவர்கள் இந்த நிதானத்தைக் கவனிக்க வேண்டும்.) 1936-இல் மேல்முறையீட்டிலும் முர்ரே வென்றார். இன்னொரு பெஞ்சில் இருக்கும் இரண்டு குழந்தைகள்தான் பிரவுன் வழக்கை நினைவூட்டுகிறவர்கள்.

கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் எழுதிய தலைமை நீதிபதி டேனியின் சிலையும் அதே ஊரின் சட்டமன்ற வளாகத்தில் இருந்தது. 2017 ஆகஸ்டில்தான் அகற்றினார்கள்.

மாணவர்களே, மார்ஷல் பெயரை எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள். 1967-க்கு முந்தைய வழக்கென்றால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அவர் கையெழுத்தைத் தேடாதீர்கள். அங்கே போகிறவர்கள் சிலையோடு மட்டும் படமெடுத்துத் திரும்பிவிடாமல், தயவுசெய்து பெஞ்சுகளில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் முர்ரேயின் கதையைச் சொல்லுங்கள்.

மாணவி அனுப்பிய படத்தில் பெஞ்சுகள் வரவே இல்லை. மறுபடி போய் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.