பக்கம் வந்தது, பாடம் வரவில்லை

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் விலங்கியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர். ஒரே பாடத்தை நாலாவது தடவையாகப் படிக்கிறாளாம். புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, "சிறுநீரகத்து நெஃப்ரானில் வடிகட்டின திரவம் எந்த வழியாகப் போகும்? வரிசையாகச் சொல்லு" என்றேன்.

"இருங்க மாமா. இடது பக்கம், மேல படம். அதுக்குக் கீழ ரெண்டாவது பத்தி. பௌமானின் கிண்ணம்... அப்புறம்..."

அதோடு நின்றுவிட்டது. பக்கம் வந்தது, படம் வந்தது, படத்தின் ஓரத்தில் அவளே போட்டிருந்த நட்சத்திரக் குறி வரைக்கும் வந்தது. அடுத்து வரும் சுருள் குழல், ஹென்லே வளைவு மட்டும் வரவில்லை. புத்தகத்தைத் திறந்து காட்டியதும், "அய்யோ, இது எனக்குத் தெரியுமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பார்த்தால் தெரிவது ஒன்று, பார்க்காமல் வருவது வேறொன்று. உளவியலில் முன்னதை அடையாளம் காணுதல் என்றும் பின்னதை மீட்டெடுத்தல் என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று சிரித்துவிடுகிறோம்; பெயர் வராமல் "வாங்க வாங்க" என்றே சமாளித்து அனுப்புகிறோம் இல்லையா, அதே கதைதான். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு முதலாவது ஓரளவு போதும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டாவது வேண்டும்.

இது ஏன் இப்படி என்று பார்க்க, நினைவு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் தொட வேண்டும்.

நாம் கவனிக்கிற எதுவும் முதலில் ஒரு சின்ன இடத்தில்தான் நிற்கிறது. செயல்நினைவு என்று அதற்குப் பெயர். அதில் சுமார் ஏழு உருப்படிகள், ஒன்றிரண்டு கூடக் குறைய, தங்கும் என்று 1956-ல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-ல் நெல்சன் கோவன் அதை நாலு என்று குறைத்துவிட்டார். எண்ணிக்கை எதுவானாலும், 'உருப்படி' என்பதில்தான் சூட்சுமம். 194720041857 என்ற பன்னிரண்டு இலக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னால் திணறுவோம். அதையே 1947, 2004, 1857 என்று பிரித்து, சுதந்திரம், சுனாமி, சிப்பாய்க் கலகம் என்று பார்த்தால் மூன்றே உருப்படி. ஏற்கெனவே தெரிந்தது அதிகமாக இருப்பவருக்குப் புதியது சுலபமாக ஏறுவதற்கு இது ஒரு காரணம். கொஞ்சம் அநியாயமான ஏற்பாடுதான்.

அங்கிருந்து நீண்டகால நினைவுக்குப் போகிற வழியில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. காதுக்கு நேர் உள்ளே, இரு பக்கமும் ஒவ்வொன்று. அதன் வேலை என்ன என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மோலைசன். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-ல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை செய்து, இரு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. கூடவே, புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் திறனும் போய்விட்டது. சின்ன வயது ஞாபகங்கள் இருந்தன. பேச்சு, புத்தி எதற்கும் குறைவில்லை. ஆனால் எதிரில் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால், மோலைசனைப் பொறுத்தவரை அது புது ஆள்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், கை எதிர்ப் பக்கமாக இழுக்கும். மோலைசனுக்கும் முதல் நாள் இழுத்தது. மூன்று நாள் பயிற்சியில் கை பழகி, கோடு சீராக வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இப்படி ஒன்றைத் தான் முன்பு செய்ததே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்வது அவரிடம் எழுத்துப் பிசகாமல் நடந்தது. கைக்குப் பழகியது, ஆளுக்குத் தெரியாது. நினைவு என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியாக ஓடுகின்றன என்பது அங்கே பிடிபட்டது. 2008-ல், 82 வயதில் இறக்கும்வரை அவர் ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, ஹிப்போகாம்பஸ் நன்றாக இருக்கிற நமக்கு ஏன் மறக்கிறது?

இதை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவரிடம் ஆய்வகம் இல்லை, மாணவர்கள் இல்லை. சோதனை எலி அவரேதான். பழைய ஞாபகம் எதுவும் ஒட்டக்கூடாது என்று, அர்த்தமில்லாத அசைகளாகச் சுமார் 2,300 தயாரித்தார். நம் எழுத்தில் சொன்னால் 'கெவ்', 'நூஷ்', 'தாப்' மாதிரி. அவற்றைப் பட்டியல் பட்டியலாக எடுத்து, நிமிடத்துக்கு 150 தட்டு என்ற தாளத்தில், பிழையில்லாமல் வரும்வரை உருப்போட்டார். அப்புறம் விட்டுவிட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து அதே பட்டியலை மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். வருடக் கணக்கில் இதைச் செய்துவிட்டு 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

இருபது நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 இருந்தது. அதாவது மறதி முதல் ஒரு மணி நேரத்தில் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு களைத்து நடக்கிறது. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வளைகோடு ஏறக்குறைய அதேபோல வந்தது.

இந்த எண்களை வைத்து 'படித்ததில் முக்கால்வாசி ஒரு மாதத்தில் காலி' என்று பயிற்சி மையக்காரர்கள் பயமுறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சதவீதம் ஞாபகம் இருக்கிற அசைகளின் எண்ணிக்கை இல்லை. மறுபடி படிக்கும்போது மிச்சமாகிற உழைப்பு. ஒன்றுமே ஞாபகம் வராத பட்டியலைக்கூட இரண்டாவது தடவை சீக்கிரமாகப் படிக்க முடிகிறது என்றால், எங்கேயோ தடம் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு அவர் படித்தது அர்த்தமே இல்லாத அசை. புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக ஓடிவிடாது.

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கவனித்தார். பன்னிரண்டு அசைப் பட்டியலை ஒரே நாளில் 68 தடவை சொல்லி மனதில் ஏற்றியதற்கும், மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொன்னதற்கும் பலன் ஒன்றுதான். தேர்வுக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிக்கிறவர்கள் முப்பது தடவையை வீணாகக் கொட்டுகிறார்கள். தூக்கம் போவது தனி நஷ்டம். படித்தது மூளையில் நிலைப்படும் வேலையில் ஒரு முக்கியப் பங்கு தூக்கத்தில் நடக்கிறது.

நெஃப்ரானுக்கு வருவோம். 2006-ல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாய் பற்றி ஒன்று. ஒரு குழு நாலு சுற்றிலும் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக 14 தடவை படித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் மூன்று நாலு தடவை படித்தது. மற்ற மூன்று சுற்றிலும் வெள்ளைத்தாளில் ஞாபகம் வந்ததை எழுதியது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 14 தடவை படித்தவர்களிடம் 40-தான் தங்கியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒரு வாரம் கழித்து நன்றாக ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். பக்கம் பழகப் பழகக் கண் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வழுக்கலை மனசு 'வந்துவிட்டது' என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. வெள்ளைத்தாளில் எழுதுகிறவருக்கு அந்தச் சுகம் கிடையாது. பாதியில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் கிடைக்கும். அந்த முட்டலில்தான் தேடிப் போகிற வழி மூளையில் உழப்படுகிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை முன்னால் நின்று பாடத்தை ஒப்பித்ததும் இந்த வேலைதான். அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதை நாம் திட்டியது நியாயம். ஆனால் திட்டுகிற சாக்கில் ஒப்பிப்பதைக் கைவிட்டு, ஹைலைட்டரைக் கையில் கொடுத்துவிட்டோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மீட்டெடுக்கும்போது நினைவு உள்ளது உள்ளபடி வந்து நிற்பதில்லை. துண்டுகளை ஒட்டித்தான் வருகிறது. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-ல் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைக் காட்டி, 50 பேரிடம் 'கார்கள் நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும், 50 பேரிடம் 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், 'இடித்து' கேட்டவர்களில் 7 பேர். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு சொல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. அதனால் எழுதிப் பார்த்தபின் புத்தகத்தோடு ஒப்பிடாமல் விட்டால் தப்பும் நன்றாகவே பதியும்.

அக்கா மகளும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தாள். முதல் நாள் எழுதியதில் சேய்மைச் சுருள் நுண்குழல் ஹென்லே வளைவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு மாற்றினாள். ரெண்டு நாள் விட்டு மறுபடி எழுதினாளாம். அடுத்த ஞாயிறு போனபோது கேட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள், ஹென்லே, சேய்மைச் சுருள் என்று வந்தவள், கடைசியில் நின்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லிடாதீங்க மாமா! 'சே'-லதான் ஆரம்பிக்கும். வருது, வருது..."