நுரையீரல் புற்றுநோய்: இம்யூனோதெரபிக்கு முன் எடுக்க வேண்டிய பரிசோதனையும் பெக்கா பி40 தரும் பணமும்

மலேசியாவில் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா, அதாவது நம் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர். இந்தச் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், "இம்யூனோதெரபி ஊசிக்கு பெக்கா பி40 பணம் கொடுக்குமா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்கிறார்கள். இம்யூனோதெரபி என்பது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோயோடு போராட வைக்கும் சிகிச்சை; பெக்கா பி40 என்பது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க மருத்துவ உதவித் திட்டம். அந்த மருந்துக்குக் கொடுக்காது. ஆனால் வேறு உதவி உண்டு, அதை விட்டுவிடக் கூடாது.

2019-ல் தொடங்கிய இந்தத் திட்டம், எஸ்.டி.ஆர் எனும் அரசாங்க ரொக்க உதவித்தொகை பெறுபவர்களிலும் அவர்களின் கணவன் அல்லது மனைவியிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. புற்றுநோய் சிகிச்சையைச் சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும். போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை தனி. இங்கிருந்து புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போய் வர வேண்டியவருக்கு அது சின்னத் தொகை இல்லை. 20,000 வெள்ளி வரை என்று காதில் விழுவது இருதய ஸ்டென்ட் போன்ற கருவிகளுக்கானது.

சரி, ஊசி விஷயத்துக்கு வருவோம். ஒரு தடவை ஏற்றவே பல ஆயிரம் வெள்ளி ஆகும். நகையை அடகு வைப்பதற்கு முன், அது இந்த நோயாளிக்கு வேலை செய்யுமா என்று கேட்க வேண்டும். அதை ஓரளவு கணிக்க வழி இருக்கிறது. பயாப்சியில் எடுத்த சதைத்துண்டில் பிடி-எல்1 என்ற புரதம் எத்தனை புற்றணுக்களில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அறிக்கையில் 'டிபிஎஸ் 60 விழுக்காடு' என்பது போல ஒரு வரி இருக்கும்; அந்தப் புரதம் உள்ள புற்றணுக்களின் விழுக்காடுதான் டிபிஎஸ். 50 அல்லது அதற்கு மேல் என்றால் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தனியாகவே கொடுக்கலாம். குறைவாக இருந்தால் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஆனாலும் இது உறுதிச்சீட்டு இல்லை. 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், 50-க்கு மேல் இருந்தவர்களிலேயே சுமார் 45 விழுக்காட்டினருக்குத்தான் கட்டி சுருங்கியது. கீமோ மட்டும் பெற்றவர்களில் அது சுமார் 28. பிடி-எல்1 இல்லாதவர்களிலும் சிலருக்குப் பலன் தெரிகிறது.

இன்னொரு பரிசோதனையை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன்: புற்றணுக்களில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. சிகரெட்டே தொடாத ஆசியப் பெண்களிடம் இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம். இந்த மாற்றங்கள் இருப்பவர்களுக்கு இம்யூனோதெரபி பொதுவாகச் சரியாக எடுபடாது, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைதான் நன்றாக வேலை செய்யும். அவசரப்பட்டு ஊசியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. அதனால் இந்த முடிவுகள் வரும் வரை காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயாப்சித் துண்டு சின்னது, எல்லாச் சோதனைக்கும் போதுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பெக்கா விண்ணப்பப் படிவத்துக்கு மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் விசாரியுங்கள். மைகார்டு அடையாள அட்டை, சிகிச்சைக் கடிதம் இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். மருந்துச் செலவுக்கு இ.பி.எஃப். எனும் தொழிலாளர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம், புற்றுநோய்க்கு அனுமதி உண்டு. 60 வயதாகாத, சந்தா கட்டிவந்த தொழிலாளி இனி வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். தோட்டத்தில் கணக்கு முடித்து நிற்பதற்கு முன்பே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.