டயட், பத்தியம், உணவுமுறை: மூன்று சொல்லும் ஒரு படிவமும்

“டயட்ல இருக்கேன்” என்று ஒருவர் சொன்னால் எடை குறைக்கிறார், சோற்றைக் குறைத்துவிட்டார், ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். மருத்துவமனையில் டயட் சார்ட் என்றால் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிய ஒரு பக்கத் தாள். ஆனால் இந்தச் சொல்லின் வேர் ரொம்ப அகலமானது. கிரேக்கத்தில் ‘டயாய்ட்டா’ என்றால் வாழும் விதம். ஒருவர் எப்போது தூங்குகிறார், எவ்வளவு நடக்கிறார், எப்படிக் குளிக்கிறார், என்ன சாப்பிடுகிறார் எல்லாம் அதில் அடக்கம். அதே சொல்லுக்கு நடுவர் தீர்ப்பு என்ற பொருளும் உண்டு. ஏதென்ஸில் வழக்கைக் கேட்டுச் சமரசம் பேசித் தீர்ப்புச் சொன்ன பொது நடுவருக்கு ‘டயாய்ட்டேட்டஸ்’ என்று பெயர். இந்த இரண்டாவது பொருளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘டயட்’ ஆவதற்குள் வாழ்க்கை கழன்றுபோய்ச் சாப்பாடு மட்டும் தங்கிவிட்டது. அதிலிருந்து கிளைத்த டயட்டெட்டிக்ஸ் என்பது துறையின் பெயர், டயட்டீஷியன் அந்தத் தொழில் செய்பவர். 1917இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லெனா கூப்பரும் லூலு கிரேவ்ஸும் இந்தத் தொழிலுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? முதலில் நினைவுக்கு வருவது பத்தியம். இது வடமொழி ‘பத்ய’விலிருந்து வந்தது. பாதையைக் குறிக்கும் சொல்லின் வழியில் பிறந்தது, வழிக்குப் பொருந்தியது, உடம்புக்கு ஒத்தது என்று பொருள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுப்பது பத்தியம். புளி தள்ளு, பச்சைத் தண்ணீரில் தலை குளிக்காதே, பகலில் தூங்காதே என்பதும் பத்தியம்தான். சாப்பாட்டைத் தாண்டியது என்ற வகையில் டயாய்ட்டாவுக்கு இது ரொம்ப நெருக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உணவியல் வகுப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. திருநங்கையர் மரபில் ‘நிர்வாணம்’ எனப்படும், ஆணுறுப்பை அகற்றும் அறுவைக்குப் பிறகு 40 நாள் தனிக் கவனிப்பு உண்டு. சாப்பாட்டில் கட்டுப்பாடு, வெளியே போவதில் கட்டுப்பாடு, கண்ணாடி பார்ப்பதில்கூடக் கட்டுப்பாடு. பிரசவித்த பெண்ணைப் பார்த்துக்கொள்வதுபோலவே மூத்த திருநங்கையர் பார்த்துக்கொள்வார்கள், 40ஆம் நாள் மஞ்சள் பூசிச் சடங்கு செய்வார்கள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லாத இடத்தில் தத்தெடுத்த தாய் வைத்த பத்தியம் அது. மருத்துவ உணவியல் எட்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்களிடம் ஓர் உணவு ஏற்பாடு இருந்திருக்கிறது. அதில் எது சத்துக்கு உதவும், எது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவது நம் துறையின் வேலை. அந்தப் பேச்சுக்குப் பத்தியம் என்ற சொல்லே போதும், அங்கே போய் டயட் பிளான் என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் துறை முழுவதற்கும் பத்தியம் பொருந்தாது. அதில் விலக்கு வாடை அதிகம். பாடநூல்களில் வழங்கும் உணவியல் சுருக்கமான நல்ல சொல், ஆனால் அதில் உணவு மட்டுமே இருக்கிறது, உண்கிற ஆள் இல்லை. என் வாக்கு உணவுமுறைக்கு. டயட் என்பதற்கு உணவுமுறை, டயட்டெட்டிக்ஸுக்கு உணவுமுறையியல், டயட்டீஷியனுக்கு உணவுமுறை வல்லுநர். காரணம் அந்த ‘முறை’. முறை என்றால் விதம். முறை என்றால் உறவு, “அவர் உனக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்கிறோமே அது. முறை என்றால் நியாயமும்கூட, முறையீடு என்பதிலும் புகாரை விசாரிக்கும் முறைமன்ற நடுவம் (ஆம்புட்ஸ்மன்) என்பதிலும் இருப்பது அந்தப் பொருள். கிரேக்கச் சொல்லில் வாழும் விதமும் தீர்ப்பும் ஒன்றாக இருந்த மாதிரியே தமிழ்ச் சொல்லிலும் இருக்கிறது, கூடவே உறவும் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். பாலினத்திலோ ஈர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களைத் திட்ட ஆங்கிலத்தில் வசையாக இருந்த ‘குயர்’ என்பதை அந்த மக்களே எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். தமிழில் அதற்குப் பால்புதுமையர் என்று வழங்குகிறோம். திருநர், தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர் எல்லாம் இந்தக் குடைக்குள் வருவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ஆக, சொற்கள் கையில் இருக்கின்றன. படிவங்களுக்குள்தான் இன்னும் வரவில்லை.

படிவம் என்று சொன்னேன் அல்லவா. பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவமனையில் என் முன்னால் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர், வந்து உட்கார்ந்தார். வயது 28, எடை 58 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். ஓய்வில் உடம்பு செலவிடும் ஆற்றலைக் கணக்கிட 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தைப் பயன்படுத்துவோம். எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. அவருக்கு 1440 வந்தது. அதற்கப்புறம் ஆணென்றால் 5 கூட்ட வேண்டும், பெண்ணென்றால் 161 கழிக்க வேண்டும். அங்கே என் பேனா நின்றுவிட்டது. ஒரு வழியில் 1445, இன்னொரு வழியில் 1279, நடுவில் 166 கிலோகலோரி, கிட்டத்தட்ட ரெண்டு இட்லி, சட்னி. இட்லி கணக்கு பெரிய விஷயமில்லை, ஒரு வீச்சாக எழுதிவிட்டு எடையைக் கவனித்து வந்தால் சரியாகிவிடும். இரும்புச்சத்து அப்படியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் மாதவிடாய். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாக எடுக்கும் திருநம்பிக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்றுவிடும், ஹீமோகுளோபினும் ஏறும். அப்போது பெண் என்ற கட்டத்தைப் பார்த்து 29 என்று எழுதினால் தப்பு. ஊசி ஆரம்பிக்காதவருக்கு ஆண் கட்டத்தைப் பார்த்து 19 என்று எழுதினாலும் தப்பு. கேட்டுத்தான் ஆக வேண்டும், மரியாதையாக, காரணம் சொல்லி. திருநங்கையரில் சிலர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு, ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் சாப்பிடுவார்கள், அது பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சிறுநீரகமும் பழுதாக இருந்தால், பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினம் குடியுங்கள் என்று வாய் தவறிச் சொல்வதே ஆபத்து.

இதெல்லாம் உடம்பின் கணக்கு. அமெரிக்காவில் 2,89,024 கல்லூரி மாணவர்களின் விடைகளை வைத்து 2015இல் வந்த ஆய்வில், முந்தைய ஓராண்டில் உண்ணல் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள் திருநர் மாணவர்களில் சுமார் 16 சதவீதம். எதிர்பால் ஈர்ப்புள்ள, திருநர் அல்லாத பெண்களில் 2 சதவீதத்துக்கும் கீழே. அதே நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2021இல் முதன்முறையாகப் பாலின அடையாளத்தையும் ஈர்ப்பையும் கேட்டு எடுத்த கணக்கில், வீட்டில் போதிய சாப்பாடு இல்லை என்று சொன்ன பால்புதுமையர் 13.1 சதவீதம், மற்றவர்கள் 7.2. மெலிய வேண்டும், மார்பு தெரியக்கூடாது, மாதவிடாய் நிற்க வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு நம் டயட் சார்ட் என்ன செய்யும்? உண்ணாமல் இருப்பதற்கு இன்னொரு காரணத்தைக் கொடுத்துவிடவும்கூடும்.

கல்வியில்தான் இது தொடங்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் விட்னி லின்சன்மேயர் திருநருக்கான உணவுப் பராமரிப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார். கனடாவின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஃபிலிப் ஜாயும் மேத்யூ நியூமரும் 2018இல் எழுதிய கட்டுரை எனக்குக் கூடுதல் நெருக்கமானது, ஏனென்றால் பாடத்திட்டத்தில் பால்புதுமையரையும் ஒரு தலைப்பாகச் சேர்த்துவிட்டால் முடிந்ததா என்று அது கேட்கிறது. எதை இயல்பு என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறோமோ அதையே ஆசிரியர் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நம் வகுப்புகளில் போடும் மாதிரிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் ரெண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. நான் போட்ட உணவுத் திட்டங்கள் அத்தனையும் அந்த ஐந்து பேருக்குத்தான்.

அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு அவரிடம், “வீட்ல யாரு சமைப்பாங்க?” என்று கேட்டேன்.

“எந்த வீட்டைக் கேக்குறீங்க மேடம்?” என்றார்.

கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். அப்புறம் விவரம் வந்தது. சொந்த வீட்டை விட்டு வந்து நாலு வருடம். மூன்று பேராக ஒரு அறை, ஒரே இண்டக்ஷன் அடுப்பு, ஃபிரிட்ஜ் கிடையாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது கடையில் பரோட்டா மட்டும்தான் இருக்கும். முட்டை அவித்து வைத்துக்கொள்ள முடியும், சுண்டல் ஊற வைக்க முடியும், கீரை முடியாது. படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

கடைசியாக முன்பக்கத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. உடன் வந்தவர், உறவுமுறை. அவரோடு ஒரு திருநங்கை வந்திருந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“அக்கான்னு எழுதுங்க” என்றார்கள் ரெண்டு பேரும்.