வாரிசுச் சான்றிதழ்: யார் பெயர் விடுபடுகிறது, எங்கே அலையவிடுகிறார்கள்

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், காரியம் முடிந்த கையோடு எல்லா இடத்திலும் கேட்பது இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்தான். தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழைத் தருபவர் தாசில்தார். இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த தாலுகாவில் விண்ணப்பிக்க வேண்டும். உயிர் பிரிந்த ஆஸ்பத்திரி எந்த ஊர் என்பது இதற்குக் கணக்கில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் மனு விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) போகும், அங்கிருந்து ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாசில்தார். நடைமுறை இவ்வளவுதான். ஆனால் இதற்காக மாதக்கணக்கில் அலைகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இறப்புச் சான்றிதழை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் யாரோ சொன்ன பெயர் அதில் ஏறியிருக்கும். ஆதாரில் ‘முருகேசன்’, பத்திரத்தில் ‘முருகேசக் கவுண்டர்’, இறப்புச் சான்றிதழில் ‘முருகேஷ்’ என்று இருந்தால், மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பிழை இருந்தால் அதைத் திருத்திய பிறகே வாரிசு மனு போடுங்கள். அவசரப்பட்டு முதலில் மனுவைப் போட்டால் அதே பிழை வாரிசுச் சான்றிதழிலும் ஏறும். அப்புறம் இரண்டையும் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது, யார் யார் வாரிசு? பெரிய அநியாயம் நடப்பது இங்கேதான். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கொரு சம பங்கு. தாய் என்ற அந்தச் சொல்லைத்தான் பல பேர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தாய் இளைய மகன் வீட்டு ரேஷன் கார்டில் இருப்பார், இறந்த மூத்தவருக்குத் தனிக் கார்டு. விசாரணைக்கு வருபவர் அந்தக் கார்டை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார். பெற்ற தாயின் பெயர் இல்லாமலே சான்றிதழ் வந்துவிடும். அப்படி விடுபட்ட ஒரு மூதாட்டி, “நான்தானே பெத்தேன், என் பேரு எங்க?” என்று தாலுகா ஆபீசில் ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல்யாணமான மகள்களுக்கும் இதே கதிதான். “நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாச்சு, அவளுக்கு என்ன பங்கு?” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால் மகள் வாரிசுதான், அதில் மாற்றமில்லை. பெயர் விடுபட்டிருப்பது தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். சான்றிதழைத் திருத்தவோ ரத்து செய்யவோ கேட்டு உடனே தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அலைக்கழிப்பு. “நாளைக்கு வாங்க”, “சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்”, “இன்னொரு சாட்சி வேணும்” என்று வாய்ச்சொல்லாகவே ஓட்டுவார்கள். என்ன குறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மனு எண்ணைப் போட்டு ஆன்லைனில் நிலவரம் பார்த்து, ‘நிராகரிப்பு’ என்று இருந்தால் காரணத்தோடு பிரிண்ட் எடுத்துவிடுங்கள். அதை வைத்துத்தான் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போக முடியும். பதிலே வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டு, கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகர ஆரம்பித்துவிடும்.

அரசு ஊழியராக இருந்து இறந்தவரின் குடும்பம் இதில் ஒருநாளும் அசட்டையாக இருக்கக் கூடாது. கருணை அடிப்படையில் வேலை கேட்டு, இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். சான்றிதழுக்கு மனு போட்ட ரசீதை இணைத்தாவது வேலை மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள்.

பேங்க் பணத்துக்கு வேறு குழப்பம். நாமினி இருக்கும் டெபாசிட்டுக்கு நீதிமன்றத்தில் வாங்கும் இறங்குரிமைச் சான்றிதழ் தேவையில்லை. நாமினி இருக்கும்போது அதைக் கேட்கக் கூடாது என்றும், உரிய காகிதங்கள் கொடுத்த 15 நாளில் பணத்தைத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கவுன்டரில் அலையவிட்டால் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். அதே நேரம், நாமினி என்பதாலேயே பணம் முழுக்க அவருக்குச் சொந்தமாகிவிடாது. டெபாசிட் பணத்தை வாங்கி, வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அவர்.

கடைசியாக, சகோதரிகளுக்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்கும் பத்திரப்பதிவு ஆபீசுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. “வாரிசு சர்டிபிகேட்டுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்” என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், அங்கே உங்கள் முன் வைக்கப்போவது பெரும்பாலும் உங்கள் பங்கை எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்தான். பெருவிரலை மையில் வைப்பதற்கு முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, படித்தவர் ஒருவரிடம் கொடுத்து முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்துப் போகக் கூடாது என்று சொன்னால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள்.