தலைச்சுற்று, கிறுதி, மயக்கம்: வெர்டிகோவுக்கு எந்தச் சொல்?

மருந்துத் துண்டில் ‘வெர்டிகோ’ என்று எழுதியிருந்தால் அதை ஒரு நோயின் பெயராகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். “எனக்கு வெர்டிகோ வருத்தம்” என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக ஒரே குளிசையைப் போடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் உண்டு. காய்ச்சலைப் போல வெர்டிகோவும் ஒரு குணங்குறி. காய்ச்சலுக்குப் பின்னால் டெங்குவும் இருக்கலாம், சளியும் இருக்கலாம். வெர்டிகோவுக்குப் பின்னாலும் அப்படித்தான். திரும்பத் திரும்பத் தலை சுற்றியும் காரணம் பிடிபடாமல் அலைகிறவர்களின் சிக்கலில் ஒரு பங்கு, டொக்டர் முன் இருந்து சொல்லும் முதல் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வெர்டிகோ இலத்தீன் சொல். ‘வெர்ட்டேரே’ என்றால் திரும்புதல், சுழலுதல். வடமொழியின் ‘வ்ருத்’ என்ற வேரும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த வகையில் நம் மேடையில் பாடும் விருத்தமும் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனமும் வெர்டிகோவுக்குத் தூரத்துச் சொந்தம். மருத்துவத்தில் இதன் பொருள் மிகக் குறுகியது: உடலோ சூழலோ அசையாதபோது அசைவதாக, பெரும்பாலும் சுழல்வதாக, உணர்வது. வீடு சுற்றினாலும் வெர்டிகோதான், வீடு நிற்கத் தான் சுற்றுவதுபோல் இருந்தாலும் வெர்டிகோதான்.

இதற்கு நேரான தமிழ் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. சுழல், சுழி, சுற்று எல்லாம் ஒரு குடும்பம். தலைச்சுற்று என்பதே பொருளில் வெர்டிகோவுக்குச் சரியாக நிற்கும். பேச்சில் ‘தலைச்சுத்து’. பழைய ஆட்கள் ‘கிறுதி’, ‘தலைக்கிறுதி’ என்பார்கள். கிறங்கு, கிறக்கம், கிறுகிறுப்பு, கிறுக்கு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் அது. சித்த, ஆயுர்வேத வழக்கில் வரும் ‘பிரமை’யும் சுழல்தல், அலைதல் என்ற வடமொழி வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் இன்றைக்குப் பிரமை என்றால் நமக்கு வேறு எண்ணம் வரும். அதை விட்டுவிடலாம்.

தொல்லை கொடுப்பது ‘மயக்கம்’ என்ற சொல். மயங்குதல் என்றால் அடியில் கலத்தல், ஒன்றோடொன்று விரவுதல். தொல்காப்பியம் சொல்லும் மெய்ம்மயக்கம் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து கூடுவது. ண, ன, ந பிள்ளைகளைக் குழப்புவதால் மயங்கொலி. அதிலிருந்து மனம் கலங்குதல், கள் மயக்கம், காதல் மயக்கம் என்று நீண்டு, கடைசியில் நினைவிழந்து விழுதல்வரை ஒரே சொல் சுமக்கிறது. கவிதைக்கு இது வளம். வெளிநோயாளர் பிரிவில் இது ஆபத்து. கட்டிலில் புரளும்போது வீடு சுற்றுகிற ஒருவர் “மயக்கம் வருது” என்றால் அவருக்கு ஈசிஜி எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். அந்தச் சுற்று பெரும்பாலும் தொடங்கும் காதை யாரும் பார்க்கமாட்டார்கள். மறுபக்கம், இதயத் துடிப்பு இடையில் தடுமாறி இரண்டு தரம் நினைவிழந்து விழுந்தவர் “தலைச்சுத்து” என்று சொல்லிப் பாமசியில் குளிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்த இரண்டாவதுதான் உயிருக்கு உலை வைப்பது.

ஆகவே சொற்களை இப்படிப் பிரித்து வைத்தால் நல்லது. சுழற்சி இருந்தால் தலைச்சுற்று. எழும்பி நிற்கும்போது பார்வை மங்கி, விழப்போவது போல் இருந்தால் கண் இருட்டல். தலை தெளிவாக இருக்க, நடையில் மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் தள்ளாட்டம். உண்மையில் நினைவு போனால் மட்டும் மயக்கம். மூர்ச்சை என்றாலும் சரி. இவற்றில் எதுவென்று சொல்லத் தெரியாத பொதுவான அந்தரத்துக்குக் கிறுகிறுப்பு போதும். சிங்களத்திலும் ஏறக்குறைய இதே பிரிவு உண்டு: ‘ஒளுவ கெரகெனவா’ என்றால் தலை சுற்றுகிறது, ‘கலந்தே’ என்றால் மயக்கம் வருகிற பக்கம். தமிழ் தெரியாத டொக்டரிடம் இடையில் ஒருவர் மொழிபெயர்க்கும்போது எது எதுவாகப் போகிறது என்று கவனிக்க வேண்டும்.

ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். ‘வெர்டிகோ’வைத் தமிழில் சொன்னால் டொக்டருக்கு விளங்காது என்ற கூச்சம் பிறகு வந்தது.

சொல்லைச் சரியாக்கினால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. ஒரே ஆளிடம் பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் கேட்டால் “சுத்துது” என்றவர் “பாரமா கிடக்கு” என்பார். அதனால் இன்றைய நரம்பியல், காது மருத்துவர்கள் ‘எப்படி இருக்கிறது’ என்பதைவிட இரண்டு கேள்விகளுக்கு அதிக எடை கொடுக்கிறார்கள்: எவ்வளவு நேரம் நிற்கிறது? எதைச் செய்தால் வருகிறது?

சில விநாடிகள், ஒரு நிமிடத்துக்குள். படுக்கும்போது, கட்டிலில் புரளும்போது, கொக்கத்தடியோடு முருங்கையை அண்ணாந்து பார்க்கும்போது, கிணற்றடியில் குனிந்து தலை கழுவும்போது. இப்படிச் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உட்செவித் துணிக்கை. உட்செவியில் கல்சியம் காபனேற்றாலான நுண்ணிய படிகங்கள் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர்ப்பை உணர்வது அவற்றின் வேலை. வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, பல வேளை காரணமே தெரியாமலோ, சில படிகங்கள் கழன்று அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்துவிடும். தலை அசையும்போது அவை உருண்டு, உள்ளிருக்கும் திரவத்தையும் இழுக்கும். தலை நின்ற பிறகும் திரவம் ஓடும். மூளைக்குத் ‘தலை இன்னும் சுழல்கிறது’ என்ற பொய்ச் செய்தி போகும். நல்லூர்க் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை அடித்து எழும்பியவருக்கு வீதி சுற்றுவதும் திரவம் உடனே நிற்காததால்தான், ஆனால் அது நோயல்ல. துணிக்கைக்காரருக்கு ஒரு தரம் புரண்டாலே அது நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கான் வேண்டாம், ஒரு கட்டில் போதும். 1952 இல் டிக்ஸ், ஹோல்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை: நோயாளியை இருத்தி, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே விரைவாகப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே ஏறத்தாழ 20 பாகை தொங்கவிட வேண்டும். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சில விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு விழி துடித்துச் சுழலும், தலை சுற்றும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எந்தப் பக்கம் கீழே இருக்கும்போது துடித்ததோ அந்தக் காதுதான் குற்றவாளி. சிகிச்சையும் கையால்தான், எப்லி முறை என்பார்கள். அதே நிலையில் தொடங்கி, தலையை 90 பாகை மறுபக்கம் திருப்பி, பிறகு உடலோடு சேர்த்து முகம் நிலத்தைப் பார்க்க உருட்டி, கடைசியில் கால்களைத் தொங்கவிட்டு மெல்ல இருத்த வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 30 விநாடி முதல் ஒரு நிமிடம்வரை, அல்லது சுற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். துணிக்கை வளைவைச் சுற்றிப் பழைய பைக்கே திரும்பிவிடும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

பிழைப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். பிழையான காதுக்குச் செய்வது. சுற்று அடங்குமுன் அவசரப்பட்டு அடுத்த நிலைக்குப் போவது. துணிக்கை வேறொரு கால்வாயில் கிடக்க, இதையே திரும்பத் திரும்பச் செய்வது; கிடைக் கால்வாய்க்கு வேறு முறை உண்டு. கழுத்தில் கடுமையான நோய் உள்ளவர்கள் வீடியோ பார்த்துத் தாங்களாகவே செய்யக்கூடாது. குணமான பிறகும் மாதங்கள், வருடங்கள் கழித்து இது திரும்ப வருவதுண்டு. வந்தால் அதே சிகிச்சை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணித்தியாலம்வரை சுற்றி, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேள்விக் குறைவும் சேர்ந்து வந்தால் மெனியே நோய். பிரான்சின் புரொஸ்பர் மெனியே 1861 இல் தலைச்சுற்றின் ஊற்று உட்செவியாக இருக்கலாம் என்று எழுதும்வரை ஐரோப்பாவிலும் அதை மூளையில் இரத்தம் கட்டுவதென்றே நம்பினார்கள். நம்மூரில் “பித்தம் தலைக்கேறிட்டுது” என்பதை எண்ணிச் சிரிக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள்வரை எவ்வளவு நேரமும் நிற்கக்கூடியது ஒற்றைத் தலைவலிச் சுற்று. தலைவலி இல்லாமலும் வரும் என்பதால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். வெளிச்சமும் சத்தமும் கூசுகிறதா, முன்பு மைகிரேன் இருந்ததா என்று கேட்டால்தான் வெளிப்படும். நாள்கணக்கில் விடாமல் சுற்றி, சத்தி எடுத்து, பிறகு மெல்ல அடங்குவது சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம்.

எழும்பினால் மட்டும் கண் இருட்டுகிறதா? ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பார்த்து, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் அங்கே இருக்கிறது. பிரஷர் குளிசை, சலம் போக்கும் குளிசை, புரொஸ்டேட் குளிசை, விரதத்தோடு சேர்ந்த வெயில், குருதிச்சோகை எல்லாம் இதைச் செய்யும். கிளினிக்கில் கதிரையில் இருத்தி ஒரு தரம் மட்டும் அளந்தால் இது தெரியவே வராது.

கழுத்து எக்ஸ்ரேயில் ‘எலும்பு தேய்வு’ என்று வந்ததும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். ஐம்பது தாண்டியவரில் பெரும்பாலானோருக்கு அந்தத் தேய்வு தலைச்சுற்று இல்லாமலும் இருக்கும். படத்தில் இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது.

தலைச்சுற்றோடு பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், முகமோ கையோ ஒரு பக்கம் சோர்தல், பிடிக்காமல் நிற்கவே முடியாமை, இதுவரை வராத கடும் தலைவலி, திடீரென ஒரு காது கேளாமை ஆகியவற்றில் ஏதும் வந்தால் குறிப்பு எழுதிக்கொண்டு இருக்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நெஞ்சு படபடத்து நினைவிழந்தாலும் அப்படியே. சிறுமூளையின் புதிய அடைப்பைச் சாதாரண சிடி ஸ்கான் தொடக்கத்தில் தவறவிடலாம் என்பதால், ‘ஸ்கான் நல்லம்’ என்ற பின்னும் நடக்க முடியாமல் இருந்தால் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அவசரமில்லாதவர்கள் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ, தெல்லிப்பழை, மந்திகை போன்ற ஆதார வைத்தியசாலைக்கோ போகுமுன் ஒரு கொப்பித் தாள் எழுதிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு தடவைக்கும்: திகதி, அந்த நேரம் செய்துகொண்டிருந்த வேலை, மணிக்கூட்டில் பார்த்த நேரம், காதிலும் தலையிலும் நெஞ்சிலும் கூட வந்தவை. நேரத்தை ஊகிக்கக்கூடாது. இருபது விநாடிச் சுற்று பயத்தில் பத்து நிமிடமாகத் தோன்றும். பிறகு நீடிக்கும் ஓங்காளத்தையும் சேர்த்து “அரை மணித்தியாலம்” என்று சொன்னால் நோயே மாறிப்போகும். சுற்றும்போது பக்கத்தில் உள்ளவர் போனில் கண்ணை நெருக்கமாக வீடியோ எடுத்தால் அது பெரிய சாட்சி. போடும் குளிசைகளின் அட்டைகள் எல்லாவற்றையும், பரியாரி கொடுத்த சூரணத்தையும் கூட, ஒரு பையில் கொண்டுபோக வேண்டும்.

பாமசியில் கேட்டவுடன் கிடைக்கும் சினாரிசின், ஸ்டெமெட்டில் போன்றவை சத்தியும் சுற்றும் கடுமையாக உள்ள முதல் இரண்டு மூன்று நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சமநிலையைத் திருத்திக்கொள்வதை அவை தாமதப்படுத்தும். வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் நடை இறுக்கமும் கொண்டுவரலாம். துணிக்கையை எந்தக் குளிசையும் திருப்பி அனுப்பாது. சோதனைக்குப் போகுமுன் இவற்றை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிரஷர், சலரோகக் குளிசைகளைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. காரணம் தெரியும்வரை கிணற்றுக்கட்டில் சாய்ந்து தண்ணீர் அள்ளுவதும், ஏணியும், மரமும், மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

எல்லாச் சோதனையும் ‘நல்லம்’ என்று வந்த பின்னும் மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில், குறிகட்டுவான் வள்ளத்தில் நிற்பது போல அசைவு இருந்துகொண்டே இருந்தால் அதற்கும் 2017 இல் பன்னாட்டு வரையறையோடு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. தமிழில் ‘நீடித்த சமநிலைக் கிறுகிறுப்பு’ எனலாம். நிமிர்ந்து நிற்கும்போதும், தானோ சூழலோ அசையும்போதும், சந்தைக் கூட்டம் போலக் கண்ணுக்கு நெருக்கடியான இடத்திலும் கூடும். பெரும்பாலும் முன்பு வந்த ஒரு தலைச்சுற்றுக்குப் பிறகு தொடங்குவது. மூளை அந்த எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிடுகிறது. “மனப்பிரமை, ஒண்டுமில்லை” என்று இதைத் தள்ளிவிடுவது பிழை. கண்ணையும் தலையையும் அசைத்துப் பழக்கும் சமநிலைப் பயிற்சி, சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் ஆலோசனை, தேவையானால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகள் என்பவைதான் சிகிச்சை. பயிற்சியின் தொடக்கத்தில் கிறுகிறுப்புச் சற்றுக் கூடும். அதைக் கண்டு நிறுத்திவிடாமல், அளவைக் குறைத்து நாளாந்தம் செய்ய வேண்டும்.