கான்செப்ட் ஆல்பம்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ (1973) ஆல்பம் பற்றி யார் பேசினாலும் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்ற சொல் வந்துவிடும்; பாட்டுகள் எல்லாம் ஒரே கருவில் கோத்து வரும் ஆல்பம் என்று பொருள். முதல்முறை கேட்க உட்காருபவருக்கு அந்தச் சொல் பிடிபட்டாலே பாதி வழி வந்த மாதிரி.

லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. பழைய ரோமில் பொது அறிவிப்பு எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்குப் பெயர் ஆல்பம். பிறகு அது வெற்றுத்தாள் ஏடாகி, படம் ஒட்டும் புத்தகமாகி, கடைசியில் பாட்டுக்கு வந்து சேர்ந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைச் செருகிவைக்கும் கனத்த அட்டைப் புத்தகம்தான் ஆல்பம். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்ததும் புத்தகம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

‘கான்செப்ட்’டின் லத்தீன் வேருக்குக் கருக்கொள்வது என்று பொருள். நம் ‘கதைக்கரு’வும் அதே வழிதான். அப்படியானால் ‘கருப்பொருள் ஆல்பம்’ என்று சொன்னால் என்ன? எனக்கு ஒட்டவில்லை. அகப்பொருள் இலக்கணம் படித்தவருக்குக் கருப்பொருள் என்றதும் தெய்வம், உணவு, மரம், பறை என்று வரிசை கட்டும். ‘கருத்து ஆல்பம்’ என்றாலோ யாரோ புத்திமதி சொல்ல வருகிறார்கள் என்று ஓடிவிடுவார்கள்.

பொருத்தமான சொல் நம் பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலேயே இருக்கிறது. தனியாக நின்று பொருள் முடியும் செய்யுள் முத்தகம். அது நம் சிங்கிள், அதாவது தனியாக வெளிவரும் ஒற்றைப் பாட்டு. பலவற்றைச் சேர்த்துவைத்தால் தொகைநிலை. அது சாதாரண ஆல்பம். ஒன்றோடொன்று தொடர்ந்து போனால் தொடர்நிலை. அந்தத் தொடர்ச்சி பொருளாலும் வரலாம், சொல்லாலும் வரலாம் என்கிறது அந்நூல். கான்செப்ட் ஆல்பத்தை நான் ‘தொடர்நிலைத் தொகுப்பு’ என்றே சொல்வேன்.

‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ ஆல்பத்தில் இரண்டு தொடர்ச்சியும் உண்டு. காலம், பணம், சாவு, மனப்பிறழ்வு என்று மனிதரை நெருக்கும் விஷயங்களே பாட்டுக்குப் பாட்டு வருகின்றன; அது பொருள் தொடர்ச்சி. சொல்லின் இடத்தில் இங்கே ஒலி. ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒரே சமயத்தில் அலறும். ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய்ப் பதிவு செய்தவை அவை. அந்தப் பாட்டு முடியும்போது பார்த்தால், முன்பே கேட்ட ‘பிரீத்’ மெட்டு திரும்பி வந்து நிற்கும்.

நான் முதலில் கேட்டது எம்பி3-யில். பாட்டுக்குப் பாட்டு அரை வினாடி அறுந்து அறுந்து வந்தது. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதியில் அடி விட்டுப்போன மாதிரி! வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் போட்டால் இன்னும் மோசம். வரிசை மாறாமல், நடுவில் நிறுத்தாமல், 43 நிமிடமும் கேளுங்கள்.

தொடங்குவது இதயத் துடிப்பில், ஓய்வதும் இதயத் துடிப்பில். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தைத் தொடுவதை அந்தாதிக்காரர்கள் மண்டலித்தல் என்பார்கள்.